பழைய வால்வு ரேடியோவின் ஸ்பீக்கரை வீட்டிலேயே சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

பழைய வால்வு ரேடியோ கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் வால்வைப் பார்ப்பார்கள், கெப்பாசிட்டரைப் பார்ப்பார்கள். ஸ்பீக்கர் கிழிந்திருந்தால் "அதுக்கென்ன, புதுசு ஒன்னு வாங்கிப் போட்டுக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். அந்த ரேடியோவின் குரல் அங்கேதான் போய்விடுகிறது.

1950, 60களில் வீட்டுக்கு வந்த செட்களில் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் சக்தி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாட்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு கூடம் முழுக்கக் கேட்க வேண்டும் என்பதால், கோனை, அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பை, மெல்லிய காகிதத்தில் மிக லேசாகச் செய்தார்கள். ஓரத்திலும் ரப்பர் கிடையாது, அதே காகிதத்தையே அலை அலையாக மடித்திருப்பார்கள். இன்று கடையில் கிடைக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் அதிக வாட் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. கோனும் கனம், ஓரமும் கனம். அதைப் பழைய ரேடியோவில் மாட்டினால் சத்தம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும், பேச்சும் அமுங்கிக் கேட்கும். ஸ்பீக்கரின் மின்தடையைச் சொல்லும் ஓம் கணக்கு ரேடியோவுக்குப் பொருந்தாவிட்டால் இன்னும் மோசம்.

அதனால் பழைய கோன் எந்த நிலையில் இருந்தாலும் முதலில் அதைக் காப்பாற்றப் பாருங்கள். காப்பாற்றும்போது அதன்மேல் எடை ஏற்றாதீர்கள். கோனின் மொத்த எடையே சில கிராம்தான். அதில் பட்டையாகப் பசையைப் பூசினால், கிழிசல் மூடியிருக்கும், ஸ்பீக்கர் கெட்டிருக்கும்.

இங்கே நான் சொல்லப்போவது பிலிப்ஸ், மர்ஃபி, புஷ், எச்.எம்.வி. போன்ற வால்வு செட்களில் இருந்த 6 முதல் 8 அங்குலக் காகிதக் கோன் ஸ்பீக்கரைப் பற்றி. பின்னால் நிலைக்காந்தம் இருக்கும், பெரும்பாலும் அல்னிகோ என்ற உலோகக் கலவையில் செய்தது. ஓவல் ஸ்பீக்கருக்கும் இதே முறைதான். நிலைக்காந்தத்துக்குப் பதில் மின்காந்தம் உள்ள, அதற்கு முந்தைய ஃபீல்டு காயில் வகைக்குக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும், அது கடைசியில்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. வால்வு செட்டில் 200 முதல் 300 வோல்ட் டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் நன்றாக இன்சுலேட் செய்த ஒயரைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனைக்கும் நெகட்டிவ் முனைக்கும் இடையே பத்து விநாடி அதைத் தொட்டு வைத்து, பிறகு மல்டிமீட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் நேராக ஷார்ட் செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. கெப்பாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் ஆபத்து.

இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியம். ஏசி/டிசி இரண்டிலும் ஓடும் செட்களில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வீட்டு மின்சாரத்தின் ஒரு முனை நேராக சேஸிஸில், அதாவது பாகங்கள் மாட்டிய உலோகத் தட்டில், இருக்கும். யுஎல் 41, யுஎல் 84 என்று 'யு'வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் அது இந்த வகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட செட்டை, வீட்டு மின் இணைப்பிலிருந்து அதைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் திறந்து வைத்து ஓட்டவே கூடாது. ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்திலும் ஷாக் வரலாம்.

ஸ்பீக்கர் இணைப்பைக் கழற்றிய நிலையில் வால்வு செட்டை ஆன் செய்யாதீர்கள். டிரான்சிஸ்டர் செட்டில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் சத்தம் வராது, அவ்வளவுதான். வால்வு செட்டில் சுமை இல்லாமல் போனால், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் வால்வுப் பக்கச் சுருளில் மிக அதிக வோல்டேஜ் எழும்பி, உள்ளே இன்சுலேஷன் உடைந்துபோகும். நல்ல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மறுபடி தேடிப் பிடிப்பது ஸ்பீக்கரைவிடக் கஷ்டம்.

குற்றம் உண்மையிலேயே ஸ்பீக்கரில்தானா?

கரகரப்பு, அமுங்கல், குரல் உடைவது என்றால் உடனே ஸ்பீக்கர் என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு, அதாவது ஒலி சிக்னல் உள்ளே போகும் முனைக்கு முன்னால், டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடும் ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர் இருக்கும். பழைய மெழுகுக் காகித வகை என்றால் அது நிச்சயம் கசியும். கசிந்தால் கிரிட்டுக்கு பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, இஎல் 84 போன்ற வால்வு அளவுக்கு மீறிச் சூடாகும், சத்தம் உடையும். ஆன் செய்த புதிதில் நன்றாகப் பாடி, சூடேறச் சூடேற மோசமாகிறது என்றால் சந்தேகம் முதலில் அந்தக் கெப்பாசிட்டர்மேல் போக வேண்டும்.

பிரித்து அறிய எளிய வழி: ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் அதை மாட்டி, போனிலிருந்து குறைந்த சத்தத்தில் பேச்சைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் கரகரத்தால் ஸ்பீக்கர். தெளிவாக இருந்தால் ரேடியோ. குறைந்த சத்தத்தில் என்று சொன்னது சும்மா இல்லை. இன்றைய ஆம்ப்ளிஃபயர் சாதாரணமாகக் கொடுக்கும் வாட்டே, கோனோடு ஒட்டி அதை ஆட்டும் கம்பிச் சுருளான காயிலை எரிக்கப் போதும்.

பெட்டியிலிருந்து எடுப்பது

முதலில் போட்டோ எடுங்கள். எந்த ஒயர் எந்த முனையில் என்பது தெரிய வேண்டும். ஸ்பீக்கர் சட்டத்தில் மேல்பக்கம் எது என்று பென்சிலால் ஒரு குறி போடுங்கள். பின்னால் இந்தக் குறி பயன்படும்.

நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை ஸ்ப்ரே செய்யாமல், தூரிகை முனையால் ஒரு சொட்டு மட்டும் நட்டில் வைத்து அரைமணி நேரம் விடுங்கள். காகிதக் கோனில் எண்ணெய் பட்டால் அந்தக் கறையை எடுக்க வழியில்லை. கோனுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் ஒரு அட்டையைச் செருகிக்கொண்டு வேலை செய்யுங்கள். காந்தம் ஸ்க்ரூடிரைவரைச் சட்டென்று இழுக்கும், இழுத்த வேகத்தில் அது கோனைத் துளைத்துவிடும். பழுது பார்க்கும்போதே ஓட்டை விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

உரசல் சத்தம் உள்ள ஸ்பீக்கராக இருந்தால், கழற்றுவதற்கு முன் நான்கு நட்டுகளையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, கோனை மெல்ல அழுத்திப் பாருங்கள். பல சமயம் உரசல் அங்கேயே போய்விடும். ஸ்பீக்கர் மாட்டிய பலகை மழைக்கும் வெயிலுக்கும் வளைந்திருக்கும். வளைந்த பலகையில் நட்டை இறுக்கினால் சட்டமும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். இந்த ஸ்பீக்கரில் ஒரு கோளாறும் இல்லை. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஃபெல்ட் வாஷர் வைத்து, இறுக்காமல் மாட்டினால் போதும்.

மேசையில் வைத்துச் சோதிப்பது

மேசைமேல் முதலில் வெள்ளைத் தாள் விரியுங்கள். அறுத்த இரும்பு, அரத்தூள், வெட்டிய கம்பித் துண்டு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. காந்தம் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, அதன் இரு முனைகளையும் சேர்த்தால் என்ன காட்டுகிறது என்று பார்த்து, அந்த அளவைப் பிறகு கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பீக்கரை அளந்து பாருங்கள். மீட்டர் காட்டுவது டிசி ஓம், ஸ்பீக்கரில் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். 3 ஓம் ஸ்பீக்கர் 2.4 முதல் 2.7 வரை காட்டும், 5 ஓம் என்றால் 4 ஓமை ஒட்டி, 8 ஓம் என்றால் ஆறரையை ஒட்டி. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பில் இருக்கும்போது அளந்தால் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். அது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் அளவு. ஒரு ஒயரையாவது கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

பிலிப்ஸ் செட்கள் சிலவற்றில் மீட்டர் நூற்றுக்கணக்கில் ஓம் காட்டினால் காயில் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத செட்களுக்காக 800 ஓம் ஸ்பீக்கர் செய்தார்கள். முடியைவிட மெல்லிய கம்பியில் சுற்றிய காயில் அது. அந்த இடத்தில் சாதாரண ஸ்பீக்கரை நேராக மாட்டவே முடியாது. கிடைத்தால் பொக்கிஷம்போல் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து ஒரு 1.5 வோல்ட் பேட்டரி. முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டக்' என்று சத்தம் வந்து கோன் சற்று அசைந்தால் காயிலில் உயிர் இருக்கிறது. கோன் வெளியே தள்ளும்போது பேட்டரியின் பாசிட்டிவ் எந்த முனையில் இருந்ததோ, அதில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். ஒரே ஸ்பீக்கர் உள்ள செட்டில் இது பெரிய விஷயமில்லை. இரண்டு ஸ்பீக்கர் உள்ள செட்டில் ஒன்று மாறிப்போனால் தாழ்ந்த ஸ்வரங்கள் காணாமல் போகும்.

கடைசியாக உரசல் சோதனை. ஸ்பீக்கரை மல்லாக்க வைத்து, இரண்டு கைகளின் விரல் நுனிகளை, கோனின் நடுவில் ஒட்டிய சின்ன மூடியான டஸ்ட் கேப்பைச் சுற்றி நான்கு பக்கமும் சமமாக வைத்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் உள்ளே அழுத்தி விடுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். சத்தமே இல்லை என்றால் நல்லது. மணல் தேய்ப்பதுபோல் கேட்டால் காயில் எங்கோ உரசுகிறது. ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தும்போது உரசல் நின்றுவிட்டால் காயில் நடுவிலிருந்து விலகியிருக்கிறது. எப்படி அழுத்தினாலும் உரசினால் காயில் ஆடும் காந்த இடைவெளிக்குள் தூசோ துருவோ இருக்கிறது, அல்லது காயிலில் ஒரு சுற்று அவிழ்ந்திருக்கிறது.

சுத்தம் செய்வது

வாட்டர் கலர் அடிக்கும் மெத்தென்ற தூரிகை போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, அப்புறம் ஓர மடிப்புகளை ஒட்டிச் சுற்றிச் சுற்றி. ஈரத்துணி கூடாது, காகிதம் ஊதி வளையும். காற்றடித்து ஊதவும் கூடாது, வெளியே இருக்கும் தூசு காந்த இடைவெளிக்குள் போய்விடும்.

நம் ஊரில் நீண்ட நாள் பரணில் கிடந்த ரேடியோ என்றால் ஸ்பீக்கரின் பின்புறம் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அதைத் தண்ணீர் விட்டு ஊற வைக்காதீர்கள். ஸ்பீக்கரைச் சாய்த்து, உடையும் மண் சட்டத்தின் ஜன்னல் வழியாக வெளியே விழும்படி பிடித்துக்கொண்டு, மூங்கில் குச்சியால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பொடித்து எடுங்கள். அந்த மண்ணில் காந்தத்தில் ஒட்டும் கருந்துகள் கலந்திருக்கும், அது ஸ்பைடர் பக்கம், அதாவது காயிலை நடுவில் பிடித்து நிறுத்தும் துணி வளையத்தின் பக்கம், போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் முழு வேலையும்.

சட்டத்தில் துரு இருந்தால் பிளாஸ்டிக் தாளால் கோனையும் காந்தப் பகுதியையும் முழுக்க மூடி டேப் ஒட்டிவிட்டு, உப்புத்தாளால் வெளிப்புறம் மட்டும் லேசாகத் தேய்க்கலாம். எஃகுக் கம்பி நாரை அந்த அறைக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். அதிலிருந்து உதிரும் ஒரு இழை இடைவெளிக்குள் போனால் எடுப்பது மகா கஷ்டம். காந்தத்தைத் தனியாகக் கழற்றிச் சுத்தம் செய்யும் எண்ணமும் வேண்டாம். அல்னிகோ காந்தத்தை அதன் இரும்புச் சுற்றிலிருந்து பிரித்தெடுத்தால் பலம் குறைந்துவிடும். திரும்பச் சேர்த்தாலும் பழைய பலம் வராது.

கிழிசலை ஒட்டுவது

முதலில் எதை ஒட்டக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். செல்லோ டேப் சில மாதங்களில் பிசுபிசுத்து நழுவும். உடனே ஒட்டும் ஃபெவிக்விக் வகை, காகிதத்துக்குள் ஊறிப் பரவி அந்த இடத்தைக் கண்ணாடிபோல் விறைப்பாக்கும், அதன் ஓரத்திலேயே அடுத்த கிழிசல் வரும். எம்-சீல் வேண்டவே வேண்டாம், அவ்வளவு எடை. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான், செம்புக் கம்பியை அரிக்கும். மைதாப் பசை ஒட்டுவதில் குறை சொல்ல முடியாது, ஆனால் கரப்பானும் வெள்ளிமீன் பூச்சியும் அதைத் தின்னவே வரும். கோன் இப்படி அரிக்கப்பட்டதற்கு அந்தக் காலத்து மாவுப் பசையும் ஒரு காரணம்.

கோனின் உடல்பகுதிக்கு வெள்ளை ஃபெவிகாலே சரி. இரண்டு பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர். தூரிகையில் எடுத்தால் ஓட வேண்டும், சொட்டக் கூடாது. ஒட்டுத்தாளுக்குத் தேயிலைப் பை நல்ல பொருள். தூளைக் கொட்டிவிட்டு, கழுவிக் காயவைத்தால் மெல்லிய, நீண்ட நார் உள்ள தாள் கிடைக்கும். பட்டம் செய்யும் கலர் தாளும் மெல்லியதுதான், ஆனால் சாயம் இறங்கும். வெள்ளை கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், கையால் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில் நார்கள் பிசிறிட்டு நிற்கும். பசையில் அவை படிந்து கோனோடு கலந்துவிடும். வெட்டிய ஓரம் ஒரு கோடாக நின்று அங்கிருந்து உரிய ஆரம்பிக்கும். அகலம் 6 முதல் 8 மில்லிமீட்டர், நீளம் கிழிசலைவிட இருபுறமும் 5 மில்லிமீட்டர் கூட.

சரி, இப்போது ஒட்டலாம். கிழிசலின் இரண்டு உதடுகளையும் பாருங்கள். கிழிந்த காகிதத்தில் ஒரு உதட்டில் மேல்நாரும் மறு உதட்டில் கீழ்நாரும் நீண்டிருக்கும். எது மேலே உட்கார வேண்டும் என்பதைப் பசை வைப்பதற்கு முன்பே அசைத்துப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். மாற்றி ஒட்டினால் ஒரு மேடு நிற்கும். பல்குத்தும் குச்சியின் நுனியில் பசையைத் தொட்டு, நாரில் மட்டும் தடவி, பின்பக்கம் ஒரு விரலும் முன்பக்கம் ஒரு விரலுமாக இரண்டு நிமிடம் பிடித்திருங்கள். நீளமான கிழிசலை ஒரே மூச்சில் ஒட்ட முயல வேண்டாம். நடுவில் ஒரு இடம், அது பிடித்த பிறகு இரண்டு முனைகள், அப்புறம் மிச்சம். அது முழுக்கக் காய்ந்த பின், கோனின் பின்பக்கத்தில் மெல்லப் பசை தடவி, கிழித்து வைத்த தாளை அதன்மேல் வைத்து, பசை தொட்ட தூரிகையால் தட்டித் தட்டிப் படியவையுங்கள். இழுத்துத் தேய்த்தால் தாள் சுருங்கும். ஒரு ராத்திரி காயட்டும். ஹேர் டிரையர் வேண்டாம், வேகமாகக் காய்ந்தால் கோன் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

எலி கடித்துத் துண்டே இல்லாமல் போயிருந்தால் முறை கொஞ்சம் வேறு. பின்பக்கம் முதலில் ஒரு தாளை ஒட்டி, அது காய்ந்த பிறகு, முன்பக்கம் ஓட்டையின் அச்சுக்குப் பொருந்தும் துண்டு ஒன்றை உட்கார வைக்க வேண்டும். அந்தத் துண்டுக்கு உதவாத பழைய ஸ்பீக்கர் ஒன்றின் கோனைவிடச் சிறந்தது வேறில்லை. பழைய கோன்களை எங்கே பார்த்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய இடம் வெளுப்பாகத் தெரிந்தால் கறுப்பு மார்க்கரால் லேசாகத் தொட்டுவிடலாம், பெயின்ட் அடிக்கக் கூடாது.

ஓர மடிப்பில் கிழிசல் என்றால் மேலே சொன்ன பசை உதவாது. மடிப்பு வளைந்து வளைந்து ஆடும் இடம். ஃபெவிகால் காய்ந்து விறைத்தால் மடிப்பின் நெகிழ்வு போய், பக்கத்திலேயே வெடிக்கும். இங்கே காய்ந்த பிறகும் வளையும் ரப்பர் பசை வேண்டும். சைக்கிள் ட்யூப் ஒட்டும் பஞ்சர் சொல்யூஷன் இதற்குப் போதும், மிக மெல்லியதாகத் தடவினால். ஒற்றை அடுக்கு டிஷ்யூ தாளை வைத்து, மழுங்கிய குச்சி முனையால் மடிப்பின் பள்ளத்தில் அழுத்தி, அலையின் வடிவத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ வேண்டாம். சில ஸ்பீக்கர்களின் ஓரத்தில் கறுப்பாகப் பிசுபிசுப்பு இருக்கும். அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள். ஓரம் அதிராமல் இருக்கக் கம்பெனியே பூசியது அது.

உரசும் காயிலை நடுவுக்குக் கொண்டுவருவது

இந்த வேலையில் பொறுமை வேண்டும். அதற்கு முன், ஒன்றும் பிரிக்காமல் செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. பல ஆண்டுகள் ஒரே நிலையில் நின்றதால், கோனின் எடையே ஸ்பைடரைக் கீழே தொய்ய வைத்திருக்கும். மேல்பக்கம் என்று பென்சில் குறி போட்டோமே, அதைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள். லேசான உரசல் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லையா, டஸ்ட் கேப்பைத் திறக்க வேண்டியதுதான். காது குடையும் பட்ஸில் அசிட்டோனைத் தொட்டு, கேப்பின் ஒட்டுக்கோட்டில் மட்டும் சுற்றிவர நனையுங்கள். ஒரு நிமிடம் கழித்து மூங்கில் சிலாம்பால் மெல்ல நெம்பினால் எழும்பும். அசிட்டோன் உள்ளே வழியக் கூடாது. காயில் கம்பியைப் பிடித்து வைத்திருக்கும் வார்னிஷையும் அது கரைக்கும்.

திறந்தால் நடுவில் இரும்புத் தூண், அதைச் சுற்றிக் காயிலின் காகிதக் குழாய், நடுவே மெல்லிய வட்ட இடைவெளி தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். தூசு இருந்தால், மெல்லிய அட்டைக் கீற்றில் டேப்பின் பசைப்பக்கம் வெளியே வரும்படி சுற்றி, இடைவெளிக்குள் விட்டு எடுங்கள். சுற்றிவரப் பலமுறை. ஒவ்வொரு முறையும் புது டேப். இரும்புத் துகள் எளிதில் வராது, காந்தம் விடாது. ஆனாலும் விடாமல் செய்தால் வரும்.

துகள் இல்லை, காயில்தான் விலகியிருக்கிறது என்றால், நடுப்படுத்த ஒரே தடிமனுள்ள கீற்றுகள் வேண்டும். பழைய கேமரா நெகட்டிவ் ஃபிலிம் இருந்தால் அதுதான் முதல் தேர்வு, தடிமன் 0.15 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். இடைவெளி சற்றுப் பெரிது என்றால் எக்ஸ்ரே ஃபிலிம். 5 மில்லிமீட்டர் அகலக் கீற்றுகள் நான்கு வெட்டி, தூணுக்கும் காயில் குழாய்க்கும் நடுவே நான்கு திசையிலும் செருகுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அடித்து இறக்க வேண்டியிருந்தால் அது தடிமன், குழாய் விரிந்து வெளிப்பக்கம் உரசும். செருகுவதற்கு முன்பே காயில் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதைக் குழாயின் விளிம்புக்கும் தூணின் தலைக்கும் உள்ள உயரத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடு சரியாகி ஆழம் தவறினால் சத்தம் குறையும்.

மிகப் பழைய ஸ்பீக்கர்களில் ஸ்பைடர் திருகாணியால் பிடிக்கப்பட்டிருக்கும். திருகாணியைத் தளர்த்தி, கீற்றுகளைச் செருகி, திரும்ப இறுக்கினால் முடிந்தது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டை ஏன் கைவிட்டார்களோ என்று தோன்றும். ஒட்டிய ஸ்பைடர் என்றால், சட்டத்தோடு அது ஒட்டியிருக்கும் வெளி விளிம்பில் தின்னரைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் துணி கிழியும். இளகியதும் மூங்கில் சிலாம்பை அடியில் விட்டுச் சுற்றிவர விடுவியுங்கள். விடுபட்ட கணத்திலேயே ஸ்பைடர் தானாக ஒரு பக்கம் நகர்வதைப் பல ஸ்பீக்கர்களில் பார்க்கலாம். இத்தனை நாள் காயிலை இழுத்துக்கொண்டிருந்தது அந்த இழுப்புதான். இப்போது கீற்றுகளைச் செருகி, ஆழத்தைச் சரிபார்த்து, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, ரப்பர் பசையால் ஸ்பைடரை எங்கே உட்கார விரும்புகிறதோ அங்கேயே ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும்.

கோனின் வெளி ஓரமும் வளைந்து இழுக்கிறது என்றால் அதையும் விடுவித்து ஒட்டலாம், ஆனால் ஸ்பைடர் காய்ந்த பிறகு, கடைசியாக. கீற்றுகளை எடுத்துவிட்டு அழுத்திப் பாருங்கள். சத்தம் இல்லை என்று உறுதியான பிறகே டஸ்ட் கேப்பை ஒட்ட வேண்டும், அதுவும் ஓரத்தில் மெல்லிய கோடாக. உள்ளே ஒரு சொட்டுப் பசை வழிந்தாலும் தூணோடு காயில் ஒட்டிக்கொள்ளும்.

மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால்

காயில் எரிந்துவிட்டது என்று சொல்வதற்கு முன் டின்சல் ஒயரைப் பாருங்கள். சட்டத்தின் முனையிலிருந்து கோனுக்குப் போகும், பின்னிய நூல்போன்ற ஒயர் அது. பருத்தி நூலில் மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றியிருப்பார்கள், ஆயிரக்கணக்கான முறை வளைந்தாலும் உடையாமல் இருப்பதற்காக. அதுவும் ஒருநாள் அறும். பெரும்பாலும் கோனில் சேரும் இடத்தில், பசைக்கட்டிக்கு அடியில். கட்டியைச் சற்றுச் சுரண்டி, காயிலின் மெல்லிய கம்பியை நேராக மீட்டரால் தொட்டுப் பாருங்கள். ஓம் காட்டினால் காயில் பிழைத்தது.

சாதாரண ஒயரால் இதை மாற்றினால் சில வாரங்களில் உடையும், அதற்குள் கோனையும் இழுத்துக் கெடுக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ, உங்கள் ஊரில் மைக் செட் ஸ்பீக்கருக்குக் காயில் கட்டுபவரிடமோ டின்சல் ஒயர் கேட்டால் கிடைக்கும். பற்றவைக்கும்போது சூட்டைச் சுருக்கமாகக் கொடுங்கள், நூல் கருகக் கூடாது. நீளம் பழைய ஒயரின் நீளமே. இறுக்கமாக இருந்தால் கோனைப் பிடிக்கும், தொங்கினால் கோனில் பட்டுப் படபடக்கும்.

காயிலே போய்விட்டது என்றால் மைக் செட் காயில் கட்டுபவரிடம்தான் போக வேண்டும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "அண்ணே, கோனை மாத்த வேண்டாம், இதே கோன்தான். காயில் மட்டும் கட்டணும், ஓம் இதேதான் வரணும்." சொல்லாவிட்டால் மைக் செட்டுக்குப் போடும் கனமான கோனைப் போட்டுக் கொடுத்துவிடுவார். அவர் பார்வையில் அது உங்களுக்குச் செய்த உபகாரம். ஓம் மாறினால் என்ன ஆகும் என்றால், 5.2 கிலோ ஓம் சுமை எதிர்பார்க்கும் இஎல் 84 வால்வுக்கு, 4 ஓம் ஸ்பீக்கரை அப்படிக் காட்டவே டிரான்ஸ்ஃபார்மர் சுமார் 36க்கு 1 என்று சுற்றப்பட்டிருக்கும். அதில் 8 ஓம் மாட்டினால் வால்வுக்கு அந்தச் சுமை இரட்டிப்பாகத் தெரியும். சக்தி குறையும், குரலும் உடையும்.

ஃபீல்டு காயில் ஸ்பீக்கர்கள்

1930களிலும் 40களிலும் வந்த செட்களில் நிலைக்காந்தத்துக்குப் பதில் ஒரு பெரிய மின்காந்தச் சுருள் இருக்கும். ஸ்பீக்கருக்கு இரண்டுக்கும் மேற்பட்ட ஒயர்கள் போனால் இதைச் சந்தேகியுங்கள். பல செட்களில் அதே சுருள்தான் பவர் சப்ளையின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் சோக்காகவும் வேலை செய்யும், ஆகவே அதில் உயர் வோல்டேஜ் ஓடும். தனியாக வெளியே எடுத்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் சத்தமே வராது. கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள், சுருளுக்கு மின்சாரம் இல்லாமல் காந்தமே இல்லை. சோக்காகவும் வேலை செய்யும் சுருள் அறுந்திருந்தால் செட்டுக்கே உயிர் வராது. கோன் வேலை, நடுப்படுத்தும் வேலை எல்லாம் மேலே சொன்னபடிதான்.

காதால் சோதித்து மாட்டுவது

பெட்டியில் மாட்டுவதற்கு முன், சின்ன ஆம்ப்ளிஃபயரில் குறைந்த சத்தத்தில் வைத்து, போனில் டோன் ஜெனரேட்டர் செயலியைப் போடுங்கள். 400 ஹெர்ட்ஸில் தொடங்கி மெதுவாகக் கீழே இறங்குங்கள். 70 முதல் 120க்குள் ஏதோ ஓரிடத்தில் கோன் சட்டென்று அதிகமாக ஆடும், அது அதன் இயல்பான அதிர்வு. உரசல் மிச்சமிருந்தால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். 'ஜிர்' என்று கேட்டால் உடனே காயில் என்று பயப்பட வேண்டாம். தீக்குச்சியால் டஸ்ட் கேப், டின்சல் ஒயர், ஒட்டுத்தாளின் ஓரம், ஸ்பைடரின் விளிம்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எங்கே தொட்டதும் சத்தம் நிற்கிறதோ, அங்கே ஒரு துளிப் பசை போதும்.

அதற்குப் பிறகு தம்புரா சுருதியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள். எந்தக் கருவியும் காட்டாத சின்னக் கரகரப்பையும் அந்த நீண்ட ஒலி வெளியே கொண்டுவரும். மிருதங்கத்தின் தொப்பி அழுத்தமாக விழுந்தால் ஓரம் சரியாக ஆடுகிறது. தனி ஆவர்த்தனத்தைச் சத்தமாக வைக்கும் ஆசை வரும். மூன்று வாட் ஸ்பீக்கர் என்பதை மறக்காதீர்கள்.

மாட்டும்போது பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மெல்லிய ஃபெல்ட் வளையம் இருக்கட்டும். நட்டுகளை எதிரெதிராக, கையால் இறுகும் வரை திருகி, அதன்மேல் கால் சுற்று மட்டும். ஒவ்வொரு நட்டுக்கும் பிறகு கோனை அழுத்திக் காது கொடுங்கள். ஒயர்களைப் போட்டோவைப் பார்த்துப் பழைய இடத்திலேயே பற்றவைத்து, இணைப்பை மீட்டரால் ஒருமுறை உறுதிசெய்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். இலங்கை வானொலிக்காகவே வாங்கப்பட்ட செட்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு. அந்த அறிவிப்பாளர் குரல்களுக்கு இந்தக் காகிதக் கோன் எவ்வளவு பொருத்தம் என்பது பேச்சு நிகழ்ச்சி ஒன்றை வைத்தால் தெரியும்.

பின்மூடியைப் போடுவதற்கு முன் இன்னும் ஒரு வேலை. மெல்லிய மல்துணியில் பை ஒன்று தைத்து, ஸ்பீக்கர் சட்டத்தின் ஜன்னல்கள் மூடும்படி பின்னாலிருந்து மாட்டி, சட்டத்தில் நாடாவால் கட்டிவிடுங்கள். துணி வால்வுகளுக்குப் பக்கத்தில் போகக் கூடாது, பின்மூடியின் காற்றுத் துளைகளையும் அடைக்கக் கூடாது. குளவியும் கரப்பானும் இதைத் தாண்டி உள்ளே போகாது.